பக்கத்தில் நிற்பவனைக் கெடுப்பது எப்படி?

திருப்பூர்ப் பக்கம் கபடியில் பெயர் எடுக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பாடிப் போவது. அதற்கு மூச்சு வேண்டும், காலில் வேகம் வேண்டும், ஏழு பேர் மேலே விழுவார்கள் என்று தெரிந்தும் நடுக்கோட்டைத் தாண்டுகிற கிறுக்கு வேண்டும். இன்னொன்று, கார்னரில் நின்றுகொண்டு, பக்கத்துக் கவர் ஆட்டக்காரனின் உழைப்பையும் சேர்த்து உங்கள் பெயரில் எழுதிக்கொள்வது. முதல் வழிக்கு விடியற்காலைப் பயிற்சி தேவை. இரண்டாவது வழிக்கு இந்தக் கட்டுரை போதும்.

வாரம் முழுக்க பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டிவிட்டு, சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு, 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' என்று போஸ்டர் ஒட்டியிருக்கும் ஊருக்கு நாலு பைக்கில் கிளம்புகிற டீம்களை மனதில் வைத்து எழுதியது இது. அவினாசிப் பக்கமோ காங்கேயம் பக்கமோ, எங்கே போனாலும் டீமின் பெயர் 'பிரதர்ஸ்' என்றோ 'பிரண்ட்ஸ்' என்றோதான் முடியும். அதை நம்பிவிடாதீர்கள்.

கெடுப்பதற்கு முன்னால், எதைக் கெடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆண்கள் ஆடும் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அதில் பாதி உங்களுடையது. அந்தப் பாதியின் இரு ஓரத்திலும் கார்னர், கார்னரை ஒட்டி இன், அடுத்து கவர், நடுவில் சென்டர். வேடிக்கை பார்க்கிறவர்களின் கண்ணுக்கு ஏழு பேர் தெரிவார்கள். ஆடிப் பழகியவர்களுக்கு மூன்று ஜோடியும் ஓர் ஆளும்தான் தெரியும். இடது கார்னரும் வலது கார்னரும் ஒரு ஜோடி, கவர்கள் இருவர் ஒரு ஜோடி, இன்கள் இருவர் ஒரு ஜோடி. இது போதாதென்று ஒரே பக்கத்தில் நிற்கும் கார்னரும் கவரும் தனியாக ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். உங்கள் வேலை அந்தக் கடைசிக் கணக்கில்.

பாடிப் போகிற ரைடருக்கு 30 விநாடி. போனஸ் கோடு நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டர். அதைத் தாண்ட அவன் காலை நீட்டுகிற நேரத்தில் கார்னர் குனிந்து கணுக்காலைப் பிடிக்கிறான். கூட்டம் கத்துகிறது. ஆனால் உண்மையில் அந்தப் பிடி ரைடரை நிறுத்துவதில்லை, தாமதப்படுத்துகிறது. 75 கிலோ உடம்பு ஒற்றைக் காலைப் பறிகொடுத்தாலும் மிச்ச உடம்பால் நடுக்கோட்டை நோக்கிப் பாயும்; விரல் நுனி கோட்டில் பட்டால் போதும். பாயப் போகிற அந்த வழியில், பாய்வதற்கு முன்பே வந்து நிற்பவன்தான் கவர். அவன் நெஞ்சால் அடைத்தால் பிளாக், இடித்து ஓரப் பட்டையான லாபிக்கு வெளியே தள்ளினால் டேஷ். கார்னர் கீழே, கவர் மேலே. இரண்டுக்கும் நடுவே அரை விநாடிகூட இருக்கக் கூடாது.

இதில் உங்களுக்குச் சாதகமான விதி ஒன்று இருக்கிறது. பிடி நழுவி ரைடர் தப்பினால், அவனைத் தொட்ட அத்தனை பேரும் அவுட். அதாவது நீங்கள் ஒருவர் தப்பாகப் பாய்ந்தால் போவது ஒரு பாயின்ட். உங்களை நம்பி கவரும் பாய்ந்தால் இரண்டு. உதவிக்கு வந்தவனுக்கும் அதே தண்டனை. உலகத்தில் இவ்வளவு வசதியான விதி வேறெந்த ஆட்டத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவனை இரண்டே ஆட்டத்தில் சந்தேகப் பிராணியாக மாற்ற இது ஒன்றே போதும்.

முதல் யோசனை: எப்போது பிடிக்கப் போகிறீர்கள் என்று சொல்லாதீர்கள்

நல்ல கார்னர்கள் சொல்லிவிட்டுத்தான் பிடிப்பார்கள். வாயால் அல்ல. கை கோத்து நிற்கும்போது விரலை ஒரு அழுத்து. தள்ளி நின்றால் தோளை ஒரு சாய்ப்பு. மாதக்கணக்கில் ஒன்றாக ஆடியவர்களுக்கு அதுவும் தேவைப்படாது. கார்னர் முழங்காலை மடக்குகிற விதத்திலேயே கவருக்குப் புரிந்துவிடும். இந்தப் பழக்கத்தை வளரவிடாதீர்கள். ஒரு முறை போனஸுக்குக் கால் நீளும்போது பிடியுங்கள். அடுத்த முறை அதே கால் நீளும்போது சும்மா நில்லுங்கள். மூன்றாவது முறை, ரைடர் இன்னும் போனஸ் கோட்டுக்கு முன்னால் இருக்கும் பாக் கோட்டையே தாண்டாதபோது, தலையைக் குனிந்துகொண்டு முன்னால் பாயுங்கள்.

இந்த மூன்றாவதற்குத்தான் அட்வான்ஸ் டேக்கிள் என்று பெயர். மனசு வைத்துச் செய்தால் அற்புதமான ஆயுதம். கவருக்குத் தெரியாமல் செய்தால் அதைவிட அற்புதம். நீங்கள் பாயும்போது அவன் ஒரு எட்டு பின்னால் இருப்பான். வருவதா வேண்டாமா என்று யோசிப்பான். யோசித்துவிட்டு வருவான். வந்தபோது ரைடரின் கை கோட்டில் இருக்கும். இரண்டு பேரும் வெளியே போய் உட்காருவீர்கள். அவன் கேட்பான்: "ஏனுங்கண்ணா, ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் புடிச்சா ஆகாதுங்களா?"

பதில் சொல்லாதீர்கள். மண்ணைத் தட்டிக்கொண்டு, கூட்டம் பார்க்கும்படி இரண்டு கையையும் அவன் பக்கம் விரித்துக் காட்டுங்கள். இந்தச் சைகையை மட்டும் தனியாகப் பழகிக்கொள்வது நல்லது. கால் பிடியைவிட இது வெகுநாள் கைகொடுக்கும்.

இரண்டு மூன்று ஆட்டத்தில் கவரின் உடம்பில் ஒரு மாற்றம் வரும். முன்பெல்லாம் நீங்கள் குனிந்தவுடன் வந்தவன், இப்போது நீங்கள் உறுதியாகப் பிடித்துவிட்டீர்களா என்று பார்த்துவிட்டு வருவான். அவன் செய்வது சரியான கணக்குதான். தப்பு வாய்ப்புள்ள பிடியில் எதற்கு இரண்டாவது ஆளும் சாக வேண்டும்? ஆனால் அவன் பார்த்துவிட்டு வருவதாலேயே உங்கள் நல்ல பிடியும் நழுவும். நழுவுவதைப் பார்த்து அவன் இன்னும் தயங்குவான். தயங்குவதைப் பார்த்து நீங்கள் இன்னும் அவசரப்படுவீர்கள். அதற்குமேல் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தானாகவே ஓடும். ஆட்டம் பார்க்க வந்த பழைய ஆட்டக்காரர் ஒருவர் டீக்கடையில் சொல்வார்: "அந்தப் பையனுக்குப் பயம் வந்துருச்சுங்க." நீங்களும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு டீயைக் குடியுங்கள்.

இரண்டாவது யோசனை: கணக்கை உங்கள் பெயரிலேயே எழுதுங்கள்

இதில் தொலைக்காட்சி உங்களுக்கு உதவி செய்கிறது. 2014இல் புரோ கபடி லீக் வந்த பிறகு, பிடி ஆட்டக்காரனுக்கும் தனி எண் வந்துவிட்டது. ஒரு ஆட்டத்தில் ஐந்து டேக்கிள் பாயின்ட் எடுத்தால் 'ஹை ஃபைவ்'. அது நல்ல விஷயம்தான்; அதற்கு முன்னால் பிடிப்பவனுடைய பெயரை யார் ஞாபகம் வைத்திருந்தார்கள்? ஆனால் மூன்று பேர் சேர்ந்து அமுக்கினாலும் அந்தப் பாயின்ட் ஒரு பெயரில்தான் ஏறும். முதலில் பிடியைத் தொடங்கியவன் பெயர் திரையில் பெரிதாக வரும். வழியை அடைத்தவன் அந்தப் படத்தின் ஓரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான்.

திருப்பூர்க்காரருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பவர் டேபிள் டெய்லருக்குப் பக்கத்தில் கைமடி ஆள் இருப்பார். மடிப்பு நேராக இருந்தால்தான் தையல் நேராக ஓடும். ஆனால் செக்கிங்கில் பீஸ் பாஸானால் பேச்செல்லாம் டெய்லரின் கையைப் பற்றி. டேமேஜ் ஆனால் மட்டும் மேஸ்திரி இரண்டு பேரையும் பார்ப்பார்.

ஐஸ் ஹாக்கி என்று ஒரு ஆட்டம் இருக்கிறது. ஃபேக்டரி குளிர்சாதனத்துக்கே ஸ்வெட்டர் தேடுகிற நமக்கு அது ஒத்துவராது. அதில் தடுப்பு ஆட்டக்காரர்கள் இரண்டிரண்டு பேராகவே பனியில் இறங்குவார்கள், இரண்டிரண்டு பேராகவே வெளியே வருவார்கள். அங்கே ஒரு விசித்திரமான கணக்கு. இரு பக்கமும் ஆள் எண்ணிக்கை சமமாக இருக்கும்போது கோல் விழுந்தால், அந்த நேரம் பனியில் நின்ற அத்தனை பேருக்கும் ஒரு கூட்டல். வாங்கினால் அத்தனை பேருக்கும் ஒரு கழித்தல். யார் அடித்தார், யார் விட்டார் என்கிற கேள்வியே இல்லை. பக்கத்தில் நிற்பவன் சொதப்பினால் உங்கள் எண்ணும் இறங்கும். இந்த அநியாயத்தை அவர்கள் 50 ஆண்டுகளுக்கும் மேலாக அதிகாரபூர்வமாக எழுதி வருகிறார்கள். நம் ஊர் கபடிக்கு இது வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் உங்கள் பிழைப்பு போய்விடும்.

லாரி மர்ஃபி என்ற ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரரின் கதையையும் கவரின் காதில் விழாமல் வைத்துக்கொள்ளுங்கள். டொரான்டோவில் அவர் பந்தைத் தொட்டாலே (அங்கே பந்து இல்லை, வட்டத் தட்டு) சொந்த ஊர் ரசிகர்களே கூச்சலிட்டு விரட்டினார்கள். 1997 மார்ச்சில் அவரை டெட்ராய்ட் அணிக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே ஸ்வீடன்காரரான நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் பக்கத்தில் நிறுத்தினார்கள். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் டெட்ராய்ட்டுக்கு ஸ்டான்லி கோப்பை. ஆள் அதே ஆள். வயதுதான் கூடியிருந்தது. 'தேறாதவன்' என்று நீங்கள் முத்திரை குத்திய கவர் நாளைக்கு வேறொரு கார்னர் பக்கத்தில் நின்றால் என்ன ஆகும் என்று அவனே யோசிக்க ஆரம்பித்துவிட்டால் ஆபத்து.

மூன்றாவது யோசனை: ஜோடியை ஒட்டவிடாதீர்கள்

டீம் மேனேஜரிடம் உங்களுக்குச் செல்வாக்கு இருந்தால் இதைச் செய்யுங்கள். ஒரு வாரம் உங்களுக்குப் பக்கத்தில் ஓவர்லாக் பையன், அடுத்த வாரம் அயர்ன் மாஸ்டரின் தம்பி, அதற்கடுத்த வாரம் 'கேம்பஸ்ல ஆடுன ஆளு' என்று யாரோ கூட்டிக்கொண்டு வந்த புதுமுகம். கேட்டால், "எல்லாருக்கும் சான்ஸ் குடுக்கணும்ல" என்று சொல்லலாம். எவ்வளவு நியாயமான பேச்சு!

விவரம் தெரிந்தவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். சுரேந்தர் நாடா இடது கார்னர், மோஹித் சில்லர் வலது கார்னர். இவர்கள் ஆடிய யு மும்பா லீக்கின் முதல் மூன்று சீசன்களிலும் இறுதிப்போட்டிக்குப் போனது. 2015இல் கோப்பையும் வென்றது. அதன் பிறகு பெங்களூரு புல்ஸ் இருவரையும் சேர்த்தே எடுத்தது. அடுத்த வருஷம், 2017இல், புதிதாக வந்த ஹரியானா ஸ்டீலர்ஸும் இருவரையும் சேர்த்தே எடுத்தது. இத்தனைக்கும் இவர்கள் இருவரும் களத்தின் எதிரெதிர் மூலைகளில் நிற்பவர்கள். கையைக்கூடக் கோக்க முடியாத தூரம். இருந்தும் ஒரு மூலையில் இருப்பவன் கெட்டிக்காரனாக இருந்தால் ரைடர் மற்ற மூலைப் பக்கம் ஒதுங்குவான். அங்கேயும் கெட்டிக்காரன் இருந்தால் நடுவில் நின்று தடுமாறுவான். நடுவில் நிற்பவனைத் தூக்குவது கவர்களுக்குக் கஷ்டமில்லை. எதிர் மூலையில் நிற்பவனும் உங்களுக்கு வேலை செய்கிறான் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. அதனால்தான் அவனையும் கெடுக்க வேண்டியிருக்கிறது.

கவர் ஜோடிக்கு சுனில் குமார், பர்வேஷ் பைன்ஸ்வால். குஜராத் அணி லீக்குக்குள் வந்த 2017இலேயே இந்த இருவரும் அதில் நடுவில் நின்றார்கள். வந்த முதல் இரண்டு சீசனிலும் இறுதிப்போட்டி. இரண்டிலும் தோல்வி என்பது வேறு கதை. பிறகு 2022இல் பிரிந்தார்கள். சுனில் ஜெய்ப்பூருக்குக் கேப்டனாகப் போய் அந்த வருஷமே கோப்பை வாங்கினார். பர்வேஷ் போன தெலுங்கு டைட்டன்ஸ் பட்டியலில் கடைசியில் முடிந்தது. இதை வைத்து 'பார்த்தீர்களா, சுனில்தான் ஆள், பர்வேஷ் இல்லை' என்று நீங்கள் பேசலாம். தாராளமாகப் பேசுங்கள், இந்தக் கட்டுரையின் நோக்கமே அதுதான். ஜெய்ப்பூரில் சுனிலைச் சுற்றி நின்ற இரண்டு கார்னர்களையும் இன்னொரு கவரையும் பற்றி யாராவது பேச்செடுத்தால் மட்டும் போன் வந்தது போல எழுந்து போய்விடுங்கள்.

நான்காவது யோசனை: பெரிய பெயர்களாகப் பார்த்துக் குவியுங்கள்

இதற்கு நம் தமிழ் தலைவாஸே முன்மாதிரி. 2019 சீசனில் அந்த அணியின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் மூச்சு முட்டும். அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர், மோஹித் சில்லர், ரண் சிங். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கூட்டம் சேர்க்கக்கூடியவர்கள். சீசன் முடிந்தபோது 12 அணிகளில் 12ஆவது இடம்.

மூன்று வருஷம் கழித்து, 2022இல், அதே அணி 2.26 கோடி ரூபாய்க்கு பவன் செராவத்தை எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடி, சீசனே போயிற்று. மிச்சம் இருந்தது பெரும்பாலும் சின்னப் பையன்கள். வலது மூலையில் சாகர், இடது மூலையில் சாகில் குலியா; முந்தின சீசனிலிருந்தே சேர்ந்து ஆடியவர்கள். கவரில் நம் ஊர் எம். அபிஷேக். அந்த அணி முதன்முறையாக அரையிறுதி வரை போனது. பவன் இருந்திருந்தால் இன்னும் மேலே போயிருக்குமா? போயிருக்கலாம். ரைடர் நரேந்தர் அந்த வருஷம் குவித்த பாயின்ட்களை மறந்துவிட்டு இரண்டு கார்னர்களால்தான் எல்லாம் நடந்தது என்று சொன்னால் அதுவும் ஒரு வகைக் கணக்குத் திருட்டுதான். ஆனால் அந்த இரண்டு மூலைகளும் ஒன்றையொன்று எதிர்பார்த்து ஆடின என்பது தொலைக்காட்சியிலேயே தெரிந்தது.

உங்கள் டீமில் இதைத் தடுக்க, ஒவ்வொரு போட்டிக்கும் வெளியூரிலிருந்து ஒரு 'ஸ்டார்' கார்னரை வாடகைக்குக் கூட்டி வாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து இறங்கி, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கப்போகிறவனின் பெயரைக்கூடக் கேட்காமல் களத்தில் இறங்குகிறவராக இருந்தால் உத்தமம்.

ஐந்தாவது: வாயைத் திறக்காதீர்கள்

இப்போதெல்லாம் திருப்பூர் டீம்களில் ஒடிசாக்காரப் பையனோ பீகார்க்காரப் பையனோ ஒருவர் இருப்பது சகஜம். லைனில் பக்கத்து மெஷினில் வேலை பார்க்கிறவன், களத்திலும் பக்கத்தில் நிற்கிறான். 'பாஷை தெரியாது, எப்படிச் சேர்ந்து பிடிப்பது?' என்ற சாக்கு உங்களுக்காகவே செய்து வைத்தது. உபயோகியுங்கள்.

யாராவது தர்மராஜ் சேரலாதனைப் பற்றிப் பேசினால்தான் சிக்கல். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், வலது கார்னர், லீக்கில் எல்லா மாநிலத்துப் பையன்களும் 'அண்ணா' என்றே கூப்பிட்ட மனிதர். 2016இல், 40 வயதைத் தாண்டிய பிறகு, பாட்னா பைரேட்ஸுக்குக் கேப்டனாக நின்று கோப்பை வாங்கினார். அந்த அணியின் இடது மூலையில் நின்றவர் ஈரான்காரரான ஃபசல் அட்ராசலி. ஒருவருக்குத் தாய்மொழி தமிழ், இன்னொருவருக்குத் தாய்நாடு ஈரான். வயதில் பெரிய இடைவெளி. அந்த சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது ஃபசலுக்குப் போனது. அதே வருஷம் அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக்கோப்பை இறுதியில் இருவரும் எதிரெதிர் அணி; இந்தியா 38-29 என்று ஈரானை வென்றது. 2018இல் யு மும்பா ஃபசலை ஒரு கோடிக்கு எடுத்தபோது, எதிர் மூலையில் மறுபடி நின்றவர் யார் தெரியுமா? அதே அண்ணாதான்.

விருது வாங்கியவரைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். விருது வாங்கியவருக்கு எதிர் மூலையில் நின்ற 40 வயதுக்காரர் தன் இடத்தை விட்டு அவசரப்பட்டு நகராமல் நின்றதால் எத்தனை ரைடர்கள் ஃபசல் பக்கம் போய் மாட்டினார்கள் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த எண்ணை எழுத எந்தப் பட்டியலிலும் கட்டம் கிடையாது. உங்களுக்கு நல்லதுதான்.

ஆறாவது: கையை விடாதீர்கள், அல்லது விட்டுவிடுங்கள்

கை கோத்து நிற்பதில் இரண்டு விதமாகக் கெடுக்கலாம். ஒன்று, பக்கத்தில் இருப்பவன் பாய நினைக்கும்போது அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வது. இன்னொன்று, அவன் உங்கள் கையை நம்பிச் சாயும்போது விட்டுவிடுவது. ரைடரைத் தொடுவதற்கு முன்னால் லாபியில் கால் வைத்தால் அவுட் என்பதால், ஓரத்தில் கை கோத்தபடி தடுக்கி விழுந்து அவனையும் இழுத்துக்கொண்டு போவது மூன்றாவது விதம். இதற்குக் கொஞ்சம் நடிப்புத் திறமை வேண்டும்.

ஏழாவது யோசனை என்று ஒன்றும் இல்லை. மேலே சொன்னவற்றை ஒழுங்காகச் செய்திருந்தால் இதற்குள் களத்தில் மூன்று பேர்தான் மிச்சம் இருப்பார்கள். அதுவும் ஒரு வாய்ப்பு. மூன்று அல்லது அதற்கும் குறைவான ஆட்களோடு ரைடரைப் பிடித்தால் சூப்பர் டேக்கிள், கூடுதலாக ஒரு பாயின்ட். நியாயமாகப் பார்த்தால் ஜோடியின் அருமை தெரிகிற நேரம் இதுதான். இரண்டு கார்னரும் ஒரு கவரும் மட்டும் நிற்கும்போது, அந்தக் கவர் இரண்டு பக்கத்துக்கும் ஓட வேண்டும். யாருக்கு முதலில் உதவுவது என்று அவன் முடிவெடுக்கிற நேரத்தில், இரண்டு கார்னரும் ஒரே சமயத்தில் பாய்ந்தால் ஆல் அவுட் நிச்சயம். எதிரணிக்கு மேலும் இரண்டு பாயின்ட். அவுட் ஆனவர்கள் வெளியே போன வரிசையிலேயேதான் திரும்பி வர முடியும் என்பதால், இதற்கு முன்னால் நீங்கள் கவரை முதலில் வெளியே அனுப்பியிருந்தால் உங்களுக்கு முன்னால் அவன் உள்ளே வந்து நிற்பான். இந்த ஒரு சின்ன ஓட்டையை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

சினிமாவும் உங்கள் பக்கம்தான். 'கில்லி'யோ 'வெண்ணிலா கபடி குழு'வோ 'பைசன்' படமோ, கூட்டம் விசில் அடிப்பது நாயகன் பாடிப் போகும்போதுதான். பக்கத்தில் நிற்பவனுக்காகத் தன் நெஞ்சைக் கொடுக்கிற கவர் ஆட்டக்காரனை நாயகனாக வைத்து யாரும் படம் எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. எடுத்தால் இடைவேளைக்கு முன் பாட்டு எங்கே வைப்பது என்று தயாரிப்பாளர் கேட்பார்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. சில கவர்கள் கெட மாட்டார்கள். நீங்கள் சொல்லாமல் பாய்ந்தாலும் வருவார்கள். இரண்டு கையை விரித்துக் காட்டினாலும் அடுத்த ரைடில் மறுபடி வருவார்கள். பாயின்ட் உங்கள் பெயரில் மைக்கில் வாசிக்கப்படும்போது கைதட்டவும் செய்வார்கள். இப்படிப்பட்ட ஆள் பக்கத்தில் நிற்பது தர்மசங்கடம். ஒரு கட்டத்தில் உங்களுக்கே நன்றாக ஆட வந்துவிடும். அதற்குள் ஏதாவது சொல்லி அவனை டீமை விட்டு அனுப்பிவிடுங்கள். பல்லடத்துக்காரர்களுக்கு ஆள் தேவைப்படுகிறது என்று கேள்வி.

ஆனால் அடுத்த மாசப் போட்டியில் கால் இறுதியில் அவர்களோடு மோத வேண்டி வரலாம். உங்கள் ரைடருக்கு அடிபட்டு, ஆள் இல்லாமல் நீங்களே பாடிப் போக நேரலாம். போனஸுக்குக் காலை நீட்டுவீர்கள். புதுக் கார்னர் குனிவான், ஒல்லிப் பையன், பிடி அப்படியொன்றும் பலமாக இருக்காது. உதறிவிட்டுத் திரும்பினால் நடுக்கோட்டுக்கு முன்னால் ஒரு நெஞ்சு நிற்கும். இடி வாங்கி லாபியைத் தாண்டி நாற்காலிக்காரர்கள் மேல் விழுந்தபிறகு மைக்கில் அறிவிப்பு வரும். அருமையான கால் பிடி என்பார் அறிவிப்பாளர். அந்த ஒல்லிப் பையனின் பெயரைச் சொல்லி, ஊர்ப் பெரியவர் ஒருவர் 500 ரூபாய் அன்பளிப்பு தருவதாகவும் சொல்வார்.